வடிகாலில் ஓடும் உரம்

பாத்திரம் கழுவும் நீர் ஓடும் வழியில் வாழைக்கன்றை ஊன்றுவது நம் முன்னோர் வழக்கம். அரிசி களைந்த கழுநீரை வீணே கொட்டாமல் பானையில் சேர்த்து மாட்டுக்கு வைப்பதும் அவர்தம் வழக்கமே. லயத்து வீடுகளின் புறக்கடையில் இன்றும் செழித்து நிற்கும் வாழைகள் இவ்வழக்கத்திற்குச் சான்று கூறும். இதனைச் சிக்கனம் என்று மட்டும் கருதுவது பிழை. இதனுள் ஓர் அறிவியல் உண்மை அடங்கியுள்ளது. நீர் எதனைக் கழுவுகின்றதோ அதன் சத்தைத் தன்னுடன் ஏந்திச் செல்கின்றது. அச்சத்தை வழியில் நிறுத்திப் பயிருக்கு ஊட்டினால் அது உரம். ஆற்றில் போய் விழ விட்டால் அதுவே கேடு.

வீட்டுக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஆலைக்கும் பொருந்தும். ஆலையிலிருந்து வெளியேறும் நீரில் கலந்துள்ள பயிர்ச்சத்தை மீட்டு உரமாக்கும் வழிகளை இக்கட்டுரையில் காண்போம். பாடத்தைக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் தொடங்குவோம். அங்கிருந்து ஆற்றோடு இறங்கி நம் ரப்பர் ஆலைக்கு வந்து சேர்வோம். மலையையும் ஆலையையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் ரப்பர்த் தோட்டத்தாராகிய நம் கையில் உள்ள செல்வம் எது என்பது விளங்கும்.

தேயிலை மலையில்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் அமைந்தது கேமரன் மலை. 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இப்பகுதிக்கு வந்து சென்றதால் அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929-ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பார் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். செங்குத்தான சரிவுகளில் காட்டைத் திருத்தித் தேயிலை நட்ட உழைப்பில் தமிழ்ப் பாட்டாளிகளின் பங்கு பெரிது.

தேயிலைச் செடிக்கு நாம் இடும் உரம் எங்கே போகின்றது? செடி அதனை வேரால் உறிஞ்சிக் கொழுந்தாக மாற்றுகின்றது. பாட்டாளி அக்கொழுந்தைப் பறிக்கின்றார். ஆலையில் அது வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, புளிக்க வைக்கப்பட்டு, உலர்த்தப்பட்டுத் தேயிலைத் தூளாகின்றது. 1,000 கிலோ தேயிலைத் தூள் செய்ய ஏறத்தாழ 4,000 முதல் 5,000 கிலோ வரை பச்சைக் கொழுந்து வேண்டும். தூளின் எடையில் நூற்றுக்கு நான்கு பங்குக்குக் குறையாமல் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கும். ஆகவே, 1,000 கிலோ தூள் மலையை விட்டு இறங்கும்போது, ஏறத்தாழ 40 கிலோ தழைச்சத்தும் அதனுடன் இறங்கிவிடுகின்றது. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. எனவே இவ்வளவையும் ஈடு செய்ய 87 கிலோ யூரியா வேண்டும். தேநீர் அருந்துவோர் எங்கோ இருக்கின்றார்; அவரிடமிருந்து இச்சத்தைத் திரும்பப் பெற வழியில்லை.

செடி உறிஞ்சாத உரத்தின் கதி வேறு. கடுமழை பெய்யும்போது அது மண்ணோடு சேர்ந்து சரிவில் உருண்டு ஓடையில் விழுகின்றது. அடர்ந்து வளர்ந்த தேயிலை மண்ணை ஓரளவு மூடிக் காக்கின்றது. கவாத்துச் செய்த இலையையும் குச்சியையும் அங்கேயே பரப்பி விடுவதால் அவற்றின் சத்தும் நிலத்திற்கே திரும்புகின்றது. ஆனால் வெட்ட வெளியாகத் திருத்தப்பட்ட சரிவுகளில் மண் நில்லாது.

அம்மண் எங்கே சென்றது என்பதை ரிங்லெட் நீர்த்தேக்கம் காட்டுகின்றது. பெர்தாம் ஆற்றின் குறுக்கே மின்னாக்கத்திற்காகக் கட்டப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் தேக்கம் அது. மேட்டு நிலங்களிலிருந்து அடித்து வரப்படும் மண் அங்கே படிந்து, நீர் தங்கும் இடத்தைக் குறைத்து வருகின்றது. அதனை வாரி அகற்றுவதே பெரும் வேலையாகிவிட்டது. 2013 அக்டோபர் 23-ஆம் நாள் அதிகாலையில், கனமழையின்போது அணை நீரைத் திறந்துவிட நேர்ந்தது. பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது, உயிர்கள் பறிபோயின. மேலே ஒருவர் தவறவிட்ட மண்ணும் சத்தும் கீழே இருப்பவர் வாழ்வைத் தொடும் என்பதை நாம் மறத்தலாகாது.

பெர்தாம் ஆறு தெலோம் ஆற்றோடும், அது ஜெலாய் ஆற்றோடும் கலந்து, கோலா லிப்பிஸ் வழியாகப் பகாங் ஆற்றை அடைகின்றது. அந்த ஆற்றோரங்களில்தான் ரப்பரும் செம்பனையும் வளர்கின்றன. ஆகவே நாமும் ஆற்றோடு கீழே இறங்கி வருவோம்.

உலர்ந்த ஆலையும் நனைந்த ஆலையும்

தேயிலை ஆலை உலர்ந்த ஆலை. கொழுந்திலுள்ள நீர் காற்றாலும் வெப்பத்தாலும் ஆவியாகிப் போய்விடும். இயந்திரங்களையும் தரையையும் கழுவிய பழுப்பு நீரே அங்கு வெளியேறும் நீர். அதனைத் தேயிலைக் கழிவின் மீது ஊற்றி மட்க வைத்தால் அதுவும் பயன்படும்.

ரப்பர் ஆலையோ நனைந்த ஆலை. பாலைக் கலக்கவும், உறைய வைக்கவும், தகடாக்கவும், கழுவவும் நீர் வேண்டும். அன்றியும் மரத்திலிருந்து வடியும் பாலே பெரும்பகுதி நீர்தான். நூறு பங்கு பாலில் ஏறத்தாழ 30 முதல் 35 பங்கு மட்டுமே ரப்பர். ஐந்தாறு பங்கு புரதம், சர்க்கரைப் பொருள், கொழுப்பு, தாது உப்பு ஆகியவை. எஞ்சியது நீர்.

இங்கே ஓர் உண்மையை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தூய ரப்பர் என்பது கார்பன், ஹைட்ரஜன் என்னும் இரு பொருள்களால் மட்டுமே ஆனது. அதில் தழைச்சத்து இல்லை, மணிச்சத்து இல்லை, சாம்பல்சத்தும் இல்லை. சிறிதளவு புரதம் ஒட்டிக்கொண்டு போவதைத் தவிர, நாம் விற்கும் ரப்பர் நிலத்தின் சத்தை வெளியே கொண்டு செல்வதில்லை. அப்படியாயின் பாலில் இருந்த சத்து எங்கே? அது ஆலையின் நீரில் நின்றுவிடுகின்றது.

தேயிலையில் சத்து விலைபொருளோடு போய்விடுகின்றது. ரப்பரில் அது நம் வடிகாலிலேயே தங்கிவிடுகின்றது. செம்பனை எண்ணெயும் அத்தகையதே. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போல, வடிகாலில் உரத்தை விட்டுவிட்டுக் கடையில் உரம் வாங்கலாமா?

ஆலை நீரில் இருப்பது என்ன?

செறிவுப் பால் செய்யும் ஆலையை எடுத்துக்கொள்வோம். பால் கெட்டுப்போகாமல் இருக்க அதில் அமோனியா சேர்க்கின்றனர். அமோனியாவில் இருப்பது தழைச்சத்தே. பிறகு சுழற்று இயந்திரத்தில் பாலை வேகமாகச் சுழற்றி, 60 விழுக்காடு ரப்பர் கொண்ட செறிவுப் பாலைத் தனியே பிரிக்கின்றனர். எஞ்சிய மெல்லிய பாலில் கந்தக அமிலம் விட்டு, அதிலுள்ள சிறிதளவு ரப்பரையும் உறைய வைத்து எடுக்கின்றனர். அமோனியாவும் கந்தக அமிலமும் கூடினால் உண்டாவது அமோனியம் சல்பேட். ஆம், கடையில் நாம் மூட்டையாக வாங்கும் அதே உரம்தான் அந்நீரில் கரைந்து கிடக்கின்றது.

அந்நீர் ஆற்றில் விழுந்தால் என்ன ஆகும்? அதிலுள்ள சர்க்கரையையும் புரதத்தையும் தின்ன நுண்ணுயிர்கள் பெருகும். அவை நீரிலுள்ள பிராணவாயுவை எல்லாம் குடித்துவிடும். மீன்கள் மூச்சு முட்டி மடியும். தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசியை வளர்க்கும். கந்தகப் பொருள் அழுகிய முட்டையின் நாற்றமுள்ள வாயுவாக மாறும். ஆற்றில் குளிப்போரும் மீன் பிடிப்போரும் துன்புறுவர்.

இக்கேட்டைத் தடுக்கவே நம் நாட்டில் 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ்ச் செம்பனை ஆலைகளுக்கு 1977-ஆம் ஆண்டிலும், ரப்பர் ஆலைகளுக்கு 1978-ஆம் ஆண்டிலும் தனி விதிகள் வகுக்கப்பட்டன. ஆலைகள் உரிமம் பெறுதல் வேண்டும். நீரைத் தூய்மை செய்த பின்னரே வெளியே விடுதல் வேண்டும். 1925-ஆம் ஆண்டில் தோன்றி, 1998-ஆம் ஆண்டில் மலேசிய ரப்பர் வாரியத்துடன் இணைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், இந்நீரை நிலத்திற்கு உரமாகப் பாய்ச்சும் முறைகளையும் ஆராய்ந்தது. தடை செய்வதோடு நில்லாமல் பயன்படுத்தவும் வழி தேடியது போற்றத்தக்கது.

ஒரு சிறு கணக்கு

எடுத்துக்காட்டாக, ஓர் ஆலை நாளொன்றுக்கு 100 கன மீட்டர் நீரை வெளியேற்றுவதாகவும், ஒரு லிட்டர் நீரில் 500 மில்லிகிராம் தழைச்சத்து இருப்பதாகவும் கொள்வோம். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர்; அதில் 500 கிராம் தழைச்சத்து இருக்கும். 100 கன மீட்டரில் 50 கிலோ. மாதத்தில் 25 நாள் ஆலை ஓடினால் 1,250 கிலோ. இது 2,717 கிலோ யூரியாவிலுள்ள சத்துக்குச் சமம். ஐம்பது கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 54 மூட்டை. பாதி காற்றோடு போனாலும் 27 மூட்டை மிஞ்சும்.

செம்பனை ஆலை நீரில் சாம்பல்சத்து இன்னும் மிகுதி. சராசரியாக ஒரு கன மீட்டர் நீரில் 2.27 கிலோ சாம்பல்சத்தும், 0.75 கிலோ தழைச்சத்தும், 0.6 கிலோ மக்னீசியமும், 0.18 கிலோ மணிச்சத்தும் உள்ளன. 100 கன மீட்டர் நீரில் உள்ள சாம்பல்சத்து ஒன்பது மூட்டைப் பொட்டாஷ் உரத்திற்கு ஈடாகும். நம் நாட்டில் பொட்டாஷ் வெட்டி எடுக்கும் சுரங்கம் இல்லை. கப்பலேறி வருவதையே நம்பியிருக்கின்றோம். 2022-ஆம் ஆண்டில் உக்ரேன் போர் மூண்டபோது உரவிலை ஏறியதைத் தோட்டத்தார் யாவரும் அறிவர்.

மீட்கும் வழிகள்

முதலாவது, நிலத்திற்குப் பாய்ச்சுதல். ஆலை நீர் முதலில் ஒரு பொறிக்குழியில் நிற்கும், அங்கே எஞ்சிய ரப்பர்த் துணுக்குகள் மிதந்து மேலே வரும், அவற்றை எடுத்துவிடுவர். பின்னர் நீர் குளங்களுக்குச் செல்லும். ஆழமான முதற் குளங்களில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தீர்க்கும். ஆயினும் தழைச்சத்தில் பெரும்பகுதி அமோனியாவாக நீரிலேயே நிற்கும். இத்தகைய நீரை மர வரிசைகளுக்கு இடையே வெட்டிய வாய்க்கால்களிலும் தட்டையான பாத்திகளிலும் அளவறிந்து விடுவர். நீரும் உரமும் ஒருங்கே வேருக்குக் கிடைக்கும்.

இரண்டாவது, மட்கு உரம் செய்தல். செம்பனையின் வெற்றுக் குலைகளை நறுக்கி நீண்ட குவியலாகக் கொட்டி, அதன்மீது ஆலை நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் புரட்டி விடுவர். குவியலின் சூட்டில் நீர் ஆவியாகும். சத்து குலையிலேயே தங்கும். நீரை நெடுந்தூரம் குழாயில் கொண்டு செல்ல இயலாத இடத்திற்கு இம்முறை ஏற்றது.

மூன்றாவது, படிகமாக்குதல். இதனை நம்மில் சிலர் அறியாமலே ஒவ்வொரு நாளும் காண்கின்றனர். ரப்பர்ப் பாலில் மக்னீசியம் இயல்பாகவே உண்டு. அது மிகுந்தால் செறிவுப் பால் நிலைத்து நில்லாது. ஆகவே, பாலைச் சுழற்றுமுன் டைஅமோனியம் பாஸ்பேட் என்னும் உப்பைச் சேர்க்கின்றனர். மக்னீசியமும் அமோனியாவும் பாஸ்பேட்டும் ஒன்றுகூடி வெண்ணிறச் சேறாகத் தொட்டியின் அடியிலும் இயந்திரக் கிண்ணத்தின் உட்புறத்திலும் படிகின்றன. கிண்ணத்தைக் கழற்றிக் கழுவும் பாட்டாளி சுரண்டி எறியும் அச்சேற்றில் தழைச்சத்து, மணிச்சத்து, மக்னீசியம் ஆகிய மூன்றும் உண்டு.

இப்படிகத்திற்கு ஸ்ட்ருவைட் என்று பெயர். 1845-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், தேவாலயம் ஒன்றுக்கு அடித்தளம் தோண்டியபோது, பழைய சாணம் படிந்த மண்ணில் இது கண்டெடுக்கப்பட்டது. நெடுங்காலம் கழிவுநீர்க் குழாய்களை அடைக்கும் தொல்லையாகவே இது கருதப்பட்டது. 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து டர்ஹாம் கழிவுநீர் நிலையம் இதனையே மணிமணியாகத் திரட்டி உரமாக விற்கத் தொடங்கியது. நீரில் மெதுவாகக் கரைவதால் மழை இதனை எளிதில் அடித்துச் செல்வதில்லை. ரப்பர் இலையின் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் பாய்ந்தால் மக்னீசியக் குறை என்பதை நாம் அறிவோம். அக்குறைக்கு மருந்தாகும் சத்து நம் ஆலைச் சேற்றிலேயே இருக்கின்றது.

நான்காவது, அமோனியாவைக் காற்றில் பிரித்தல். நீரில் சுண்ணாம்பு போன்ற காரப் பொருளைச் சேர்த்துக் காற்றை ஊதினால் அமோனியா வெளியேறும். அக்காற்றைக் கந்தக அமிலத்தினூடே செலுத்தினால் அமோனியம் சல்பேட் உரம் கிடைக்கும். இதற்குச் செலவு மிகுதி. பெரிய ஆலைகளுக்கே ஏற்றது.

இந்தியாவிலும் இத்தகைய முயற்சி வளர்ந்து வருகின்றது. அங்குச் சர்க்கரைப் பாகுக் கழிவிலிருந்து எரிசாராயம் வடிக்கும் ஆலைகளின் கழிவுநீரை எரித்து, அச்சாம்பலிலிருந்து பொட்டாஷ் உரம் எடுக்கின்றனர். 2024 ஜனவரியில் இந்திய அரசு அதற்கு டன்னுக்கு 4,263 ரூபாய் எனக் கொள்முதல் விலை அறிவித்தது. கழிவு என்ற பெயர் நீங்கி, விலைபேசும் சரக்கு என்ற பெயர் அதற்கு வந்துவிட்டது.

அளவு மீறினால்

உரமாகும் நீர் அளவு மீறினால் தீங்கே செய்யும். ஒரே இடத்தில் மேலும் மேலும் பாய்ச்சினால் மண்ணின் துளைகள் அடைபட்டு வேர் அழுகும். மிஞ்சிய தழைச்சத்து நைட்ரேட்டாக மாறிக் கிணற்று நீரில் இறங்கும். அந்நீரில் பால்மாவு கலக்கிக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவை ஏந்தும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கக் கூடும். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஆகவே ஓடைக்கரையிலும், கிணற்றருகிலும், மழை நாளிலும் ஆலை நீரைப் பாய்ச்சுதல் ஆகாது. சுத்தம் செய்யாத ஆலை நீரை வீட்டுக் கீரைப் பாத்திக்கு எடுத்துச் செல்வதும் தவறு. சில ஆலைகளில் பாலைக் காக்கத் துத்தநாகப் பொருளும் சேர்ப்பதால், சேற்றைச் சோதித்த பின்னரே நிலத்திலிடுதல் முறை.

இன்னும் ஒன்றை அழுத்திக் கூற விரும்புகின்றோம். கழிவுநீர்க் குழியிலும் மூடிய தொட்டியிலும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு தங்கும். குறைந்த அளவில் அது நாறும். மிகுந்த அளவில் மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர் மீள்வதில்லை. அவரைத் தூக்க இறங்கியவரும் மடிகின்றார். மூடிய இடத்தில் வேலை செய்வதற்கென 2010-ஆம் ஆண்டில் நடைமுறைக் கோவை வகுக்கப்பட்டுள்ளது. பயிற்சியும், எழுத்து மூலமான அனுமதியும், வாயுச் சோதனையும், வெளியே காவல் நிற்கும் துணையாளும் இன்றி எவரும் இறங்கலாகாது. யார் ஏவினாலும் மறுத்துரைக்கத் தயங்க வேண்டா. எத்தனை மூட்டை உரமும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

நம் பங்கு

இவை யாவும் நிர்வாகியின் வேலை என்று நாம் ஒதுங்கிவிடுதல் சரியன்று. மங்கிலும் வாளியிலும் பாலைச் சிந்தாமல் கொண்டு வருபவர், வடிகாலில் சேரும் சுமையைக் குறைக்கின்றார். தொட்டியைக் கழுவுமுன் அடிச்சேற்றை வழித்துத் தனியே சேர்ப்பவர், படிகத்தை மீட்கின்றார். குழாயை வீணே திறந்துவிடாதவர், குளத்தின் வேலையை எளிதாக்குகின்றார். வாய்க்கால் உடைந்து நீர் ஓடைக்குப் பாய்வதைக் கண்டவுடன் அறிவிப்பவர், கீழே குடியிருக்கும் மக்களைக் காக்கின்றார். ஆலை நீர் எங்கே போகின்றது என்று கேட்டறிவது நம் உரிமை. அது கேடின்றிப் போக உதவுவது நம் கடமை.

கேமரன் மலையின் கொழுந்து பறிப்பவர் நிலத்தின் சத்தை ஒவ்வொரு சுமையிலும் பிரிகின்றார். அவருக்கு இல்லாத வாய்ப்பு நமக்கு உண்டு. நாம் விற்பது ரப்பர் மட்டுமே. உரம் நம்மிடமே நிற்கின்றது. புறக்கடை வாழைக்குக் கழுநீர் விட்ட நம் பாட்டியர் இப்பாடத்தை ஏட்டில் படித்தவரல்லர். ஆயினும் நீரை விட்டாலும் சத்தை விடாதிருக்க அறிந்திருந்தனர். அவ்வறிவை வீட்டிலிருந்து ஆலைக்குக் கொண்டு செல்வோமாக.

சிந்தித்து விடை காண்க

1. தேயிலைத் தூளோடு நிலத்தின் சத்து போய்விடுகின்றது, ரப்பரோடு போவதில்லை. ஏன்?

2. செறிவுப் பால் ஆலை நீரில் அமோனியம் சல்பேட் எவ்வாறு உண்டாகின்றது?

3. ஓர் ஆலை நாளொன்றுக்கு 60 கன மீட்டர் நீரை வெளியேற்றுகின்றது. லிட்டருக்கு 400 மில்லிகிராம் தழைச்சத்து இருப்பின், 25 நாளில் எத்தனை கிலோ?

4. உங்கள் தோட்டத்து ஆலை நீர் எந்த ஓடையில் சேர்கின்றது? அவ்வோடையின் கீழ்ப்புறம் யார் குடியிருக்கின்றனர்?

(மூன்றாம் வினாவின் விடை: 600 கிலோ.)